பொறியாளர் ஆய்வேடு எழுத வந்த வரலாறு

முதுநிலைப் பட்டம் தோன்றிய காலத்தில் அது ஆய்வுக்குரிய சான்றாக இருக்கவில்லை. கற்பிப்பதற்கான உரிமமாகவே இருந்தது. இடைக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 'மாகிஸ்டர்' எனப்பட்டவர், ஒரு கைவினைக் கழகம் தன் தொழிலில் முழுத் தேர்ச்சி பெற்றவரை ஆசானாக ஏற்றுக்கொண்டதைப் போல, ஆசிரியர் குழுவால் சக ஆசிரியராக ஏற்கப்பட்டவர் ஆவார். அவர் அவையில் வாதிட்டுத் தம் தகுதியை நிறுவினாரே தவிர, இன்றைய பொருளில் ஆய்வேடு எதையும் எழுதி ஒப்படைக்கவில்லை. அந்த மரபின் எச்சமாக, ஆக்ஸ்போர்டில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள், சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்ததும், புதிதாக எந்தத் தேர்வும் எழுதாமலேயே முதுகலைப் பட்டம் பெறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. எனவே, இன்று மியூனிக்கிலும் சென்னையிலும் பொறியியல் மாணவரின் கடைசிப் பருவத்தை விழுங்கிக்கொள்ளும் ஆய்வேட்டின் வேரை இடைக்காலத்தில் தேடுவதில் பயனில்லை; அது பொறியாளர்களுக்கும் பழைய பல்கலைக்கழகங்களுக்கும் இடையே 19ஆம் நூற்றாண்டில் மூண்ட தகுதிப் பூசலில் இருக்கிறது.

பாரிசில் 1794ஆம் ஆண்டு நிறுவப்பட்ட எக்கோல் பாலிடெக்னிக், 1825ஆம் ஆண்டின் கார்ல்ஸ்ரூஹே பள்ளி, 1855இல் வகுப்புகளைத் தொடங்கிய சூரிச் பாலிடெக்னிக் ஆகிய மூன்றுமே பல்கலைக்கழகங்களுக்கு வெளியே பிறந்தவை. பாலம், சுரங்கம், நீராவி எந்திரம் ஆகியவற்றைக் கற்பித்த இத்தகைய நிறுவனங்கள், ஜெர்மனியில் காலப்போக்கில் 'டெக்னிஷே ஹோக்ஷூலே', அதாவது தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம், என்ற பெயரைப் பெற்றன. ஆனால், கற்பித்தலும் ஆய்வும் பிரிக்க முடியாதவை என்ற கொள்கையோடு 1810இல் பெர்லின் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட பின், ஜெர்மானியக் கல்வி உலகில் ஒருவரின் உயரம் ஆய்வைக் கொண்டே அளக்கப்பட்டது. ஆய்வுக்குரிய அடையாளமாகிய முனைவர் பட்டத்தை வழங்கும் உரிமையோ பல்கலைக்கழகங்களிடம் மட்டுமே இருந்தது. எந்திரவியலைக் கைத்தொழிலின் நீட்சியாகக் கருதிய பேராசிரியர்கள் அந்த உரிமையைப் பகிர்ந்துகொள்ள விரும்பவில்லை.

பெர்லின், ஷார்லொட்டன்பர்க்கில் இயங்கிய தொழில்நுட்ப உயர்கல்விக்கூடம் 1899இல் நூற்றாண்டு கொண்டாடியபோதுதான் இந்தப் பூசலுக்கு ஒரு முடிவு வந்தது. தொழில்நுட்பத்தின்மீது பெரும் ஈடுபாடு கொண்டிருந்த பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், அவ்வாண்டு அக்டோபரில் பிறப்பித்த ஆணையின் மூலம், பிரஷ்யாவின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடங்கள் 'டிப்ளோம் இன்ஜெனியர்' என்ற பட்டத்தையும் அதற்கு மேல் 'டாக்டர் இன்ஜெனியர்' என்ற பட்டத்தையும் வழங்கலாம் என்று அறிவித்தார். வெற்றி முழுமையானதல்ல, புதிய முனைவர் பட்டத்தின் சுருக்கத்தை லத்தீன் எழுத்தில் எழுதக் கூடாது, ஜெர்மானிய எழுத்து வடிவில், இடையில் ஒரு சிறு கோடிட்டே எழுத வேண்டும் என்ற நிபந்தனை கூடவே வந்தது. பழைய முனைவர்களோடு புதியவர்களைக் கலந்துவிடாமல் பிரித்துக் காட்ட ஓர் எழுத்துருவையே வேலியாக்கிய இந்த ஏற்பாடு, கல்வி வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அந்தச் சிறு கோடு இன்றும் ஜெர்மானியப் பொறியாளர்களின் பெயர்ப்பலகைகளில் நிலைத்திருக்கிறது.

ஆய்வுக்குரிய நிறுவனம் என்ற மதிப்பைக் கோரியவர்கள், தங்கள் மாணவரும் தனித்து ஆராயக்கூடியவர் என்பதைக் காட்டியாக வேண்டியிருந்தது. அந்தச் சுமை 'டிப்ளோம் ஆர்பைட்' எனப்பட்ட இறுதி ஆய்வேட்டின்மேல் விழுந்தது. நிலைபெற்ற வடிவத்தில் டிப்ளோம் படிப்பு இரு பாதிகளாக அமைந்திருந்தது: முதல் பாதியில் கணிதம், இயற்பியல், எந்திரவியல் ஆகிய அடிப்படைகளும் அவற்றை முடிக்கும் முன்தேர்வும், பிற்பாதியில் சிறப்புப் பாடங்களும், தொழிற்சாலைப் பயிற்சியும், துறைக்கேற்ப மூன்று முதல் ஆறு மாதங்கள் நீளும் ஆய்வேடும். பிறர் உதவியின்றித் தாமே எழுதியதாகவும் பயன்படுத்திய சான்றுகள் அனைத்தையும் குறிப்பிட்டதாகவும் மாணவர் கையொப்பமிட்டு உறுதியளிக்க வேண்டும்; இந்த உறுதிமொழிப் பக்கம் இன்றைய ஜெர்மானிய ஆய்வேடுகளிலும் தவறாமல் இடம்பெறுகிறது. சூரிச்சில் 1900ஆம் ஆண்டில் வெப்பக் கடத்தல் குறித்து டிப்ளோம் ஆய்வேடு எழுதிய மாணவர் ஒருவருக்கு ஆறுக்கு நாலரை மதிப்பெண் கிடைத்தது. அவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

ஆய்வேடு என்ற ஒரே சொல் துறைக்குத் துறை வெவ்வேறு பொருளைத் தாங்கியது. கட்டடக்கலை மாணவருக்கு அது வரைபடங்களும் மாதிரிவடிவமும் கொண்ட ஒரு வடிவமைப்பு. எழுத்து அதற்கு விளக்கவுரை மட்டுமே. எந்திரவியலில் ஓர் எந்திரப் பாகத்தின் கணக்கீடும் சோதனை மேடை அளவீடும், வேதிப் பொறியியலில் மாதக்கணக்கான ஆய்வகக் குறிப்புகளும் ஆய்வேடாயின. 1960களின் இறுதியில் ஜெர்மானியக் கல்விக்கூடங்களில் கணினியியல் தனித் துறையாக நுழைந்தபோது, ஓடும் நிரலே ஆய்வேடா, நிரலைப் பற்றிய எழுத்துதான் ஆய்வேடா என்ற புதிய சிக்கலும் நுழைந்தது. பயன்படும் ஒன்றைச் செய்து காட்டுவதற்கும் புதிதாக ஒன்றை அறிந்து சொல்வதற்கும் இடையே பொறியியல் ஆய்வேடு அன்று முதல் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்காவில் பாதை வேறாக இருந்தது. அங்கு 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் முதுகலைப் பட்டம், இளங்கலை முடித்துச் சில ஆண்டுகள் கழித்துக் கட்டணம் செலுத்துவோருக்குக் கிடைக்கும் மரியாதையாகவே இருந்தது. படித்துப் பெறும் முதுநிலைப் பட்டம் மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் தொடங்கிப் பிற இடங்களுக்கும் மெல்லப் பரவிய பின்னரே பொறியியலிலும் ஆய்வேட்டுடன் கூடிய முதுநிலைப் பட்டம் வேரூன்றியது. அந்த வடிவம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிளாட் ஷானன் தமது 21ஆம் வயதில், 1937இல், எழுதி முடித்த முதுநிலை ஆய்வேடே சான்று. வன்னேவர் புஷ் உருவாக்கிய வகைக்கெழுப் பகுப்பான் என்னும் கணிப்பு எந்திரத்தைப் பேணும் பணியில் இருந்த அவர், அதைக் கட்டுப்படுத்திய ரிலே சுற்றுகளை, அதாவது மின்காந்தத்தால் திறந்து மூடும் இணைப்பிகளின் அமைப்புகளை, 19ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஜார்ஜ் பூலின் தருக்க இயற்கணிதத்தால் எழுத முடியும் என்று கண்டார். இணைப்பிகள் தொடராக அமைந்தாலும் இணையாக அமைந்தாலும் அவற்றுக்கு ஒரு சமன்பாடு உண்டு. சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும். அதுவரை அனுபவத்தாலும் கைப்பழக்கத்தாலும் நடந்துவந்த சுற்று வடிவமைப்பு இதனால் கணிதமாயிற்று. ஜப்பானில் அகிரா நகாஷிமா, சோவியத் ஒன்றியத்தில் விக்டர் ஷெஸ்தகோவ் ஆகியோரும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இதே திசையில் தனித்தனியே சென்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயன்படும் பொருளும் புதிய அறிவும் ஒரே ஏட்டில் கூடிவந்த அரிய நிகழ்வு இது. எல்லா முதுநிலை மாணவரிடமும் இதை எதிர்பார்க்கும் விதிமுறை எங்கும் இல்லை, இருந்தால் பட்டமளிப்பு விழாக்கள் வெறிச்சோடியிருக்கும்.

ஐரோப்பாவில் அடுத்த பெரும் மாற்றம் 1999 ஜூனில் 29 நாடுகள் கையொப்பமிட்ட பொலோஞா பிரகடனத்தால் வந்தது. இளநிலை, முதுநிலை என்ற இரு படிநிலைகளையும், மாணவரின் உழைப்பை எண்ணிக் கணக்கிடும் கிரெடிட் முறையையும் அது பொதுவாக்கியது. ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஜெர்மனியில் முதுநிலை ஆய்வேட்டின் எடை 15 முதல் 30 கிரெடிட்டுக்குள் அமைய வேண்டும். 30 என்றால் 750 முதல் 900 மணி நேரம். இவ்வாறு ஆய்வேட்டின் உழைப்பு மணிக்கணக்கில் துல்லியமாக வரையறுக்கப்பட்டது. அதன் உள்ளடக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதோ முன்போலவே துறைகளின் வழக்கத்துக்கும் நெறியாளரின் மனத்துக்கும் விடப்பட்டது. பழைய டிப்ளோம் பெயரின் மதிப்பு மறைந்துவிடும் என்று ஜெர்மானியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாக வருந்தின. டிரெஸ்டன் போன்ற சில இடங்களில் அப்பட்டம் பொறியியலில் இன்னும் வழங்கப்படுகிறது.

ஜெர்மானிய மரபுக்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மாசசூசெட்ஸ் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு உயர் தொழில்நுட்ப நிறுவனங்களைத் தொடங்க வேண்டும் என்று சர்க்கார் என்பவர் தலைமையிலான குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து 1951இல் கரக்பூரில் முதல் ஐஐடி தொடங்கியது. 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியோ மேற்கு ஜெர்மனியின் உதவியோடும் அந்நாட்டுப் பேராசிரியர்களோடும் ஆய்வகக் கருவிகளோடும் வளர்ந்தது. அதே நகரில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.இ. பாடத்திட்டத்தில் மாணவர்கள் 'புராஜெக்ட்' என்றே அழைக்கும் ஆய்வுப் பணி மூன்றாம் பருவத்தில் முதல் கட்டமாகவும் நான்காம் பருவத்தில் இரண்டாம் கட்டமாகவும் பிரிந்து, 'வைவா' எனப்படும் வாய்மொழித் தேர்வோடு முடிகிறது. சென்னை ஐஐடியிலோ பாடங்களும் புராஜெக்ட்டும் கலந்த எம்.டெக். ஒருபுறமும், சில பாடங்களை மட்டும் முடித்துவிட்டு ஆய்வேட்டையே பட்டத்தின் உடலாகக் கொள்ளும் எம்.எஸ். மறுபுறமும் ஒரே வளாகத்தில், பல நேரங்களில் ஒரே ஆய்வகத்தில், ஒரே நெறியாளரின் கீழ் நடைபெறுகின்றன.