மலைச்சரிவும் நம் மக்களும்



பலகையொன்றில் கல்லை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்துவோம். ஓரளவு வரை நிற்கும் கல், பின் சறுக்கும். மலையும் அவ்வாறே. சரிவிலுள்ள மண்ணின் எடையில் ஒரு கூறு தரையோடு அழுத்துகிறது. மற்றொன்று கீழே இழுக்கிறது. சரிவு 30 பாகையாயின் எடையில் பாதியளவு இழுவிசையாகும். சரிவு ஏறஏறப் பிடிப்பு தளரும். மழைநீர் உட்புகுந்தால் எடை கூடும். நீரின் அழுத்தம் மண்துகள்களின் பிடிப்பைக் குலைக்கும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மேற்சரிவு பெயர்ந்து, அடிவாரத் தேயிலைத் தொழிலாளர் லயங்களைப் புதைத்தது. மாண்டோர் 70 பேர். தமிழ் உழைப்பாளர்களே மிகுதி. அவர்களுள் நம் சமுதாயத்தார் பலர். குடியிருந்த இடம் அவர்கள் தேர்ந்ததன்று, தோட்டம் தந்தது.

ஆகவே இளைஞர்களே, காலடி நிலம் சமமென்று அமைதி கொள்ளற்க. தலைக்கு மேலுள்ள சரிவையும் நோக்குக. பெருமழையில் நிலம் வெடித்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஓடை திடீரெனக் கலங்கினாலோ உடனே அகல வேண்டும். எவ்விடத்தில் மனை தருகிறார்கள் என்று ஆராய்ந்து, தீங்குள்ள இடத்தைக் காரணங்காட்டி மறுக்க வேண்டும். அக்காரணத்தை அறியவே நாம் கற்கிறோம்.