பழைய கோவாவில் ஒரு துண்டு இத்தாலி
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலையைப் பார்க்க ஃப்ளாரன்ஸுக்கும் ரோமுக்கும்தான் போக வேண்டும் என்று நினைக்கிறோம். பாஸ்போர்ட் இல்லாமலே, ஷொரனூரில் ரயிலேறி மட்காவில் இறங்கினால் அதன் ஒரு கிளையைப் பார்த்துவிடலாம். பழைய கோவாவைச் சொல்கிறேன். சர்ச்சில் நமக்கென்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கல்லும் கணக்கும் எல்லோருக்கும் பொதுதானே!

ரோம் செயின்ட் பீட்டர்ஸை மாதிரியாக வைத்து இத்தாலியத் துறவிகள் கட்டிய செயின்ட் கஜெட்டன் சர்ச் அங்கே இருக்கிறது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது பாம் ஜீஸஸ் பஸிலிகாவில். 1594இல் தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பில் பழைய கிரேக்க, ரோமானியத் தூண் வகைகள். மேலே வட்ட ஜன்னல்கள். அலங்கார வேலைக்கு பஸ்ஸீனிலிருந்து வந்த கருங்கல். சுவரோ நம்மூர் வெட்டுக்கல்தான்.

உள்ளே செயின்ட் சேவியர் சமாதி. மைக்கேலாஞ்சலோவை ஆதரித்த மெடிச்சி வம்சத்தில் வந்த மூன்றாம் கோசிமோ, அதன் பளிங்குப் பீடத்தை அனுப்பினார். ஃப்ளாரன்ஸ் சிற்பி ஃபோகினி பத்து வருஷம் உழைத்த வேலை. 1698இல் இங்கே பொருத்தினார்கள். மேலே இருக்கும் வெள்ளிப் பேழை அதற்கும் அறுபது வருஷம் முந்தியது. கோவாத் தட்டார்கள் செய்தது. பளிங்கைவிட அதுவே எனக்கு உசத்தியாகப் பட்டது.

வெளியே எல்லோரும் சிவந்த முகப்பைப் பார்த்து, 'என்ன பழமை!' என்று போட்டோ எடுக்கிறார்கள். உண்மையில் அந்தச் சிவப்புக்கு எழுபது சொச்சம் வயசுதான். முன்பு சுண்ணாம்புப் பூச்சோடு வெள்ளையாக நின்ற கட்டடம். 1950களில், போர்த்துகீசியர் ஆட்சியில், பழமை தெரியட்டும் என்று பூச்சை உரித்துவிட்டார்கள். வெட்டுக்கல் துளை நிறைந்தது. வருஷா வருஷம் மழையைக் குடித்தால் மேற்பரப்பு உதிரும். சுண்ணாம்பு மழையைத் தாங்கும், உள் ஈரத்தையும் வெளியே விடும். சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

மறுபடி பூச வேண்டும் என்ற கோரிக்கை 2020இல் பலமாக எழுந்தது. 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள கட்டடம், கண்ணுக்குப் பழகிய சிவப்பை மாற்றலாமா என்பவர்களும் உண்டு. பூசத்தான் வேண்டும் என்பது என் கட்சி. போட்டோவுக்காகச் சுவரை நனைய விடுவது என்ன நியாயம்?

கல்பாத்தியிலும் மற்ற கிராமங்களிலும் பூர்வீக வீடு வைத்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ரிப்பேருக்கு ஆள் விடும்போது, பழைய சுவரில் சிமெண்ட் அடிக்கும் முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் யாராவது மிச்சம் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.