தோடு போன காதுகள்

(மைசூரில் நடந்த சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1929-இல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்தது. அது நம் வடஆற்காட்டுக் கிராமத்துப் பெண்ணின் காதுத் தோட்டை எப்படிக் கழற்றியது? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

அது பஞ்சம் அல்ல, மந்தம். நெல் விளைந்தது, விலைதான் விழுந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாயிற்று. ஆனால் கிஸ்தி அந்த அளவுக்குக் குறையவில்லை, வட்டியும் குறையவில்லை. ஒரு மூட்டை விற்றுக் கட்டியதை, இரண்டு மூட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை.

பிழைக்கப் போன இடத்திலும் கதவு அடைபட்டது. ரப்பர் விலை வீழ்ந்ததும் மலேயா தோட்டங்களிலிருந்து நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பணம் அனுப்பிய கை, பசியோடு திரும்பி வந்தது.

மிஞ்சியது பெண்ணின் நகை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. தோலா 21 ரூபாய் அளவில் இருந்த தங்கம், சில ஆண்டுகளில் 30 ரூபாயைத் தாண்டியது. கடன்பட்ட குடும்பங்கள் விற்ற நகை உருகிக் கட்டியாகி, பம்பாய் வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது.

என் பாட்டி சொல்வார்: "அம்மா தோட்டை விற்றுவிட்டு, காது தூர்ந்துபோகாமலிருக்க விளக்குமாற்றுக் குச்சியைச் செருகிக்கொண்டாள். எங்களுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, தான் நீராகாரத்தைக் குடித்தாள்." அந்தக் குச்சியை அவர் கடைசிவரை கழற்றவில்லையாம். தோடு திரும்பி வரவே இல்லை.

இந்த மைசூர்ச் சீமையின் கோலார் சுரங்கத்தில் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் அதே வடஆற்காட்டுப் பக்கத்து ஏழைத் தமிழர்கள். அண்ணன் இங்கே தங்கம் வெட்டினான். தங்கை அங்கே தங்கம் விற்றாள். இரண்டும் ஒரே திசைக்குத்தான் போயின! ஆனால் அண்ணன் சும்மா இருக்கவில்லை. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிவுத் திட்டம் கைவிடப்பட்டது. தங்கைக்குத்தான் சங்கம் இல்லை, தனியாகத் தாங்கினாள்.

அதைச் 'சிக்கனம்' என்று புகழ்கிறோம். சிக்கனம் அல்ல, தோழர்களே. அவள் கொடுத்த வரி அது!

இன்று நான் ரயில்வே குமாஸ்தா. அவசரமென்றால் கூட்டுறவுச் சங்கக் கடன் கிடைக்கிறது. ஒப்பந்தத்தில் ஸ்டேஷன் கூட்டும் நம் சகோதரிக்கு, பள்ளி திறக்கும் மாதத்தில் அடகுக் கடைதான் கதி. ஆகவே நம் சங்கம் ஒரு சேமிப்பு நிதி தொடங்கட்டும். அதன் கணக்குப் புத்தகம் பெண்கள் கையில் இருக்கட்டும். முதல் மாதச் சந்தாவாக என் ஐந்நூறு ரூபாயை இதோ மேசைமேல் வைக்கிறேன்.