கேளாமல் மாறும் பெட்டி



பேச்சினால் ஏவத்தக்க ஸ்மார்ட் ஸ்பீக்கர் என்னும் ஒலிபெருக்கி இன்று மட்டக்களப்பு வாவிக் கரையிலும் சில இல்லங்களில் இடம்பெற்றுவிட்டது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் பிள்ளைகள், இங்கே தனித்திருக்கும் பெற்றோருக்கு அனுப்பிய அன்பளிப்பாக அது வந்து சேருவதும் உண்டு. பாட்டு, செய்தி, மருந்து உண்ணும் வேளையை நினைவூட்டும் மணி ஆகியவற்றைக் கேட்டமாத்திரத்தில் அது தரும். இத்தகைய பயனுள்ள கருவியிடத்து உள்ள ஒரு குறையையே இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். உடையவரின் இசைவைப் பெறாமலே அது தன்னை மாற்றிக்கொள்கின்றது என்பதே அக்குறை.

இக்கருவியை உள்ளிருந்து இயக்கும் கட்டளைத் தொகுதியை நிலைப்பொருள் என்பர். தயாரித்த நிறுவனம் அதனைத் திருத்தி இணையத்தின் வழியே அனுப்ப, கருவி தானே அதைப் பெற்றுப் பதித்துக்கொள்கின்றது. இதுவே இற்றைப்படுத்தல். பெரும்பாலான கருவிகளில் இதனை வேண்டாமென்று மறுப்பதற்கு வழியில்லை.

இற்றைப்படுத்தல் முற்றாக வேண்டாத ஒன்று என்று நான் கூறவில்லை. 2016ஆம் ஆண்டிலே மிராய் என்னும் தீய மென்பொருள், பாதுகாப்புக் குன்றிய கண்காணிப்புக் கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றி, ஒக்டோபர் 21ஆம் திகதி புகழ்பெற்ற இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. பூட்டில் பழுது கண்டால் அதனைத் திருத்தத்தான் வேண்டும். ஆயின், பூட்டைத் திருத்த வந்தவர் வீட்டின் சுவரையும் இடித்து மாற்றிவிட்டுச் செல்லலாமா என்பதே நமது வினா.

இவ்வினா கற்பனையன்று. 2022 ஜனவரியில், சோனோஸ் நிறுவனம் தொடுத்த காப்புரிமை வழக்கில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதன் விளைவாக, பல ஒலிபெருக்கிகளின் ஒலியளவை ஒருங்கே கூட்டிக் குறைக்கும் வசதியைக் கூகுள் எடுத்துவிட்டது. வழக்காடியவை இரு நிறுவனங்கள். வசதியை இழந்தவர்களோ விலை கொடுத்து வாங்கிய மக்கள். 2024 மே மாதத்தில் அதே சோனோஸ் நிறுவனம் தனது ஒலிபெருக்கிகளை ஆளும் செயலியைப் புதிதாக்கியபோது, எழுப்பும் மணி முதலிய வசதிகள் மறைந்தன. பார்வையற்றோர் அதனைப் பயன்படுத்த இயலாது இடருற்றனர். பின்னர் நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார். 2025 மார்ச் 28ஆம் திகதி முதல், குரற்பதிவைத் தனக்கு அனுப்பாதிருக்கச் சில எக்கோ கருவிகளில் இருந்த தெரிவை அமேசான் நீக்கிவிட்டது. வாங்கும் வேளையில் தரப்பட்ட வாக்கு, வாங்கிய பின்னர் ஒருதலையாக மாற்றப்படுகின்றது.

நமது நாட்டின் சூழலில் இத்தொல்லை இரட்டிப்பாகின்றது. அளவிட்ட டேட்டாவை முற்பணம் கட்டிப் பெறும் வீட்டில், யாரும் கேளாத இற்றைப்படுத்தலுக்கும் அந்தப் பணமே செலவாகின்றது. மின்சார நிலையும் நாம் அறிந்ததே. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. பதிவு நடுவிலிருக்கும்போது மின்சாரம் நின்றால், பழைய நிலைப்பொருளின் பிரதி ஒன்றைக் காத்துவைக்காத கருவி மீண்டும் இயங்காமலே போகலாம். படுவான்கரைக் கிராமமொன்றில் தனித்திருக்கும் மூதாட்டி, ஆங்கிலக் கட்டளை நான்கைந்தை அரும்பாடுபட்டு மனனஞ் செய்திருப்பார். காலையில் எழுந்து மருந்து மணியைக் காணாது திகைக்கும் அவருக்கு யார் விடை சொல்வது? பிள்ளை உறங்கும் தேசத்தில் அப்போது நள்ளிரவு.

வானொலியின் வரலாறு இவ்விடத்தில் நல்லதொரு பாடம். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே பண்பலை ஒலிபரப்பை ஸ்டீரியோவாக்க விதி வகுத்தபோது, பழைய பெட்டிகளும் அதே நிகழ்ச்சியைத் தடையின்றிக் கேட்கக்கூடிய முறையையே தெரிந்தெடுத்தனர். 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு வகுத்த முறையும் அவ்வாறே கறுப்பு வெள்ளைப் பெட்டிகளைக் கைவிடவில்லை. புதுமை வேண்டியவர் புதுப்பெட்டி வாங்கினர்; ஏனையோரின் பெட்டி அவர்கள் வாங்கியபடியே பாடிக்கொண்டிருந்தது. ஆகவே புதுமையும் பழைமைக்குக் கொடுத்த வாக்கும் ஒருங்கே இயலும்.

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. பாதுகாப்புத் திருத்தம் வேறு, வசதிகளை மாற்றும் திருத்தம் வேறு என இரண்டும் பிரித்து அனுப்பப்படல் வேண்டும். பின்னையதை மறுக்கும் உரிமை உடையவருக்கு இருத்தல் வேண்டும். பதியும் நேரத்தை வீட்டார் குறித்தல் வேண்டும். எத்தனை ஆண்டுக்குத் திருத்தம் கிடைக்கும் என்பதை விற்பனையின்போதே அறிவித்தல் வேண்டும். இந்நான்காவதைப் பிரித்தானியா 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் கட்டாயமாக்கியுள்ளது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த நமது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.

அதுவரை, அன்பளிப்பு அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். உயிர்காக்கும் மருந்தின் நேரத்தை இக்கருவி ஒன்றிடம் மாத்திரம் ஒப்படையாதீர்கள். மின்கலத்தில் ஓடினாலும், சுவர்க் கடிகாரம் ஒருவரையும் கேளாமல் தன் முகத்தை மாற்றிக்கொள்வதில்லை.