ஆலை மறைந்தது, உழைத்தவர் வரலாறு மறையலாகாது!

(உரை வடிவம்)



வடசென்னையின் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பகுதிகள் நூறாண்டுக்கும் மேலாக ஆலைச் சங்கின் ஒலிகேட்டே விழித்தெழுந்தன. 1876-இல் பக்கிங்காம் ஆலை தோன்றியது. சில ஆண்டுகளில் கருநாடக ஆலையும் எழுந்தது. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. மக்கள் வாயில் அவை என்றும் ‘பின்னி ஆலை’யே. அங்கு நெய்த காக்கித் துணி படைவீரர்க்கும் காவலர்க்கும் உடையாயிற்று. நெய்தவர் குடும்பங்களோ நெருங்கிய குடிசைகளில் வாழ்ந்தன.

அம்மண்ணின் பெருமை துணியோடு முடிந்துவிடவில்லை. ஓய்வு நேரம் மிகக் குறைவு. அடியும் வசையும் மிகுதி. அக்கொடுமைகளைப் பொறாத தொழிலாளர்க்காக 1918 ஏப்பிரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என அது போற்றப்படுகின்றது. வாடியா தலைமை தாங்கினார். செல்வபதியார், இராமானுசலு போன்றோர் தோள்கொடுத்தனர். வாடியாவின் ஆங்கிலப் பேச்சுத் தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. திரு.வி.க.வோ தொழிலாளர்தம் தாய்மொழியிலேயே அவர் நெஞ்சொடு பேசினார். உரிமை என்னும் சொல் அவர்க்கு அப்பொழுதே பொருள் விளங்கிற்று.

முதலாளிகள் வாளாவிருப்பரோ? சங்கத் தலைவர்கள்மேல் வழக்குத் தொடுத்து, உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றனர். அதன் எதிரொலியாக எழுந்த கோரிக்கையே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரைக்கும் சென்றது. பெரம்பூர்த் தொழிலாளி பட்ட துன்பம் நாடு முழுமைக்கும் காப்பாயிற்று!

ஆயினும் 1921-ஆம் ஆண்டின் நெடிய வேலைநிறுத்தத்தை மறைத்துப் பேசுதல் அறமாகாது. வேலைக்குச் சென்றோர், செல்லாதோர் என்னும் பிரிவு சாதிப் பிளவாக வெடித்தது. புளியந்தோப்பில் ஏழையின் குடிசையை ஏழையே எரித்தான். காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. போராட்டம் தோற்றது. ஒரே தறியில் நின்ற கைகளைச் சாதி பிரித்தமையால் வென்றவர் யார்? ஆலை உடையவரே அல்லரோ!

பின்னர்க் காலம் மாறிற்று. விசைத்தறிகளின் போட்டி, புதுக்கப்படாத பழம்பொறிகள், பெருகிய இழப்பு ஆகிய கரணியங்கள் நாடெங்கும் பெரும்பஞ்சாலைகளைத் தளர்வித்தன. 1996-இல் பின்னி ஆலையும் மூடுண்டது. நெசவினும் நிலம் விலைமிக்கதாயிற்று. வெறிச்சோடிய கூடங்களில் திரைப்படக் காட்சிகள் எடுக்கப்பட்டன. பின்னர் அங்கே வானளாவும் அடுக்குமாடிகள் எழுந்தன. அதே பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய அரசின் தொடர்வண்டிப் பெட்டித் தொழிற்சாலை இன்றும் இயங்குகின்றது. ஆதலின், அம்மண்ணுக்குத் தொழில் ஒவ்வாது என யாரும் உரைத்தல் இயலாது.

மாற்றத்தைத் தடுத்தல் அரிது. பழைய தறிகளை மீண்டும் ஓட்டுமாறு எவரும் கேட்கவில்லை. ஆனால் மாற்றத்தின் ஊதியம் நிலம் உடையவர்க்கும், அதன் இழப்பு உழைத்தவர்க்கும் எனப் பங்கிடப்படுவது எவ்வகை முறை? ஆலை நிலம் கைமாறும் இடமெல்லாம், அங்கு உழைத்தவர் வழிவந்தோர்க்கு எளிய விலையில் வீடும் தொழிற்பயிற்சியும் தருவது சட்டமாதல் வேண்டும். போராடி மாண்டவர்தம் வரலாறு அவ்விடத்திலேயே நல்ல தமிழில் கல்லில் பொறிக்கப்படல் வேண்டும். 1921-இன் கசப்பான பாடமும் அக்கல்லில் இடம்பெறல் வேண்டும்.

உழைத்த இனம் தன் வரலாற்றை மறந்தால், அடுத்த ஆலை மூடப்படும்பொழுதும் அது வெறுங்கையோடே வாயிலில் நிற்கும். நினைவோடு நிற்க! சாதி களைந்து ஒன்றாய் நிற்க!