பன்னிரண்டு எழுத்தில் ஒரு புதுப் பெயர்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவருடைய பேத்தி கேட்டுக்கொண்டதால் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, பென்ஷன் பற்றியோ டெபாசிட் வட்டி பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருக்கிறார். வங்கியில் 34 வருடம் இருந்தவன் வேறு எதைப் பேசப் போகிறான்! ‘ஆன்லைன் கேமில் புதுக் கேரக்டர் உருவாக்குவது எப்படி என்று பேசலாமா?’ என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, ‘சார், வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தானே?’ என்றார்.

சௌக்கியம்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் அப்படி இல்லை. அங்கிருந்து தொடங்குகிறேன்.

என் பேத்திக்கு 15 வயது, எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்குத் திக்கல் உண்டு, உங்களில் பலருக்குத் தெரியும். இதை எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று அவளிடமே கேட்டேன். ‘தெரிஞ்ச விஷயம்தானே தாத்தா, சொல்லுங்க. ஆனா கேம்ல என் பேரு என்னன்னு மட்டும் சொல்லிடாதீங்க’ என்றாள். அதனால் சொல்ல மாட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தேகால் மணி. சாப்பிட மூன்று முறை கூப்பிட்டாயிற்று. ‘ஒரு நிமிஷம் தாத்தா’ என்ற பதில் மட்டும் வந்தது. நான் நேராகப் போய் வைஃபை ரௌட்டரின் சுவிட்சை அணைத்தேன். அவள் சண்டை போடவில்லை. லேப்டாப்பை மூடினாள், சாப்பிடாமல் போய்ப் படுத்தாள். மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. நான்காம் நாள் காலையில் பேப்பருக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது: ‘நான் முன்னால் நிற்பவள். நான் இல்லாவிட்டால் மற்ற நாலு பேரும் செத்துப்போவார்கள். அன்றைக்குச் செத்துப்போனார்கள்.’

படித்ததும் பகீரென்றது. கேமில்தான் என்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மற்றது எதுவும் புரியவில்லை. சாயங்காலம் அவள் அறைக்குப் போய், ‘எனக்கும் ஒரு ஆளை உருவாக்கிக் கொடு, என்னதான் அது என்று பார்க்கிறேன்’ என்றேன். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அந்த கேமின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004 நவம்பரில் வந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தூங்கினாலும் அந்த உலகம் நடந்துகொண்டே இருக்கும். வேறு ஊர்க்காரர்கள் உள்ளே உலவிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் நேற்று முளைத்தது என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் வெறும் எழுத்துகளாலேயே இப்படி ஓர் உலகத்தை அமைக்கத் தொடங்கியது 1978-ல். அதற்கும் நான்கு வருடம் முன்பே, 1974-ல், அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்துவிட்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, அவரவர் பாத்திரத்துக்குப் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று தாளில் எழுதிக்கொண்டு ஆடுவது. அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ஆக, இது என் தலைமுறையின் விளையாட்டு. எனக்குத்தான் தகவல் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதுக் கேரக்டர் உருவாக்கும் திரை என்பது எனக்கு நன்கு பழகிய ஒன்று: விண்ணப்பப் படிவம். ஒரே ஒரு வித்தியாசம். நான் வாழ்நாள் முழுக்க வாங்கிய படிவங்கள், வருகிறவர் அவர்தான் என்று நிரூபிப்பதற்காக. போட்டோ ஒட்டு, பான் கார்டு கொடு, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, மறுபடி போடு. கேம் கம்பெனியும் கணக்குத் தொடங்க மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் கேட்டது, அது வேறு. ஆனால் இந்தத் திரை எந்த அத்தாட்சியும் கேட்கவில்லை. யாராக இருக்க ஆசை என்று மட்டும் கேட்டது. 67 வயதில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மவுஸைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எந்தப் பக்கம்: அலையன்ஸா, ஹோர்டா? இரண்டும் பங்காளிச் சண்டை மாதிரி ஓயாமல் மோதிக்கொள்ளும் கூட்டணிகள். அடுத்து எந்த இனம்? மனிதர், குள்ளர், பூதம் மாதிரி பச்சை உடம்புக்காரர், செத்துப் பிழைத்தவர் என்று வரிசையாக நிற்கிறார்கள். நான் மனிதனைத் தேடினேன். அவள் சிரித்தாள். ‘இவ்வளவு தூரம் வந்துட்டு மனுஷனாவே இருக்கப் போறீங்களா?’

‘நீ என்னவாக இருக்கிறாய்?’ என்று கேட்டேன். காட்டினாள். அம்மாடி! டாரன் என்று ஓர் இனம். காளைத் தலை, வளைந்த கொம்பு, கதவை அடைக்கும் தோள். எங்கள் பேத்தி 40 கிலோ இருப்பாள். கல்யாண வீட்டில் யாராவது பெயர் கேட்டால் பாட்டியின் பின்னால் ஒளிகிற பெண். அவள் தனக்கென்று தேர்ந்தெடுத்தது அந்தத் திரையில் இருந்ததிலேயே பெரிய உடம்புகளில் ஒன்றை.

அதற்குப் பிறகு வருவது தொழில். இப்போது 13 வகை இருக்கின்றன: போர்வீரர், வேடர், மந்திரவாதி, பூசாரி என்று போகும். பதிமூன்றும் மூன்றே வேலைக்குள் அடங்கும் என்று விளக்கினாள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குகைக்குள் போனால், ஒருவர் முன்னால் நின்று அடியை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவருக்குப் பெயர் டேங்க். ஒருவர் பின்னால் நின்று எல்லாருடைய காயத்தையும் ஆற்ற வேண்டும், அவர் ஹீலர். மீதி மூன்று பேர் அடிப்பவர்கள். அடிக்கத்தான் எல்லாருக்கும் ஆசை, அதனால் அந்த மூன்று இடத்துக்கு எப்போதும் கூட்டம். டேங்குக்கும் ஹீலருக்கும்தான் ஆள் தட்டுப்பாடு. (நம் சங்கத்தில் பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைக்காத கதைதான்.) டேங்க் தவறினால் ஐந்து பேரும் காலி. எங்கள் பேத்தி டேங்க். நான் ரௌட்டரை அணைத்தபோது முன்னால் நின்றவள் அவள்.

‘என்னால் ஓட முடியாதே, முழங்கால் இருக்கிற நிலையில்’ என்றேன். ‘அங்க உங்களுக்கு முழங்கால் வலி கிடையாது தாத்தா’ என்றாள். இருந்தாலும் பின்னால் நிற்கிற வேலையே எனக்குச் சரி என்று ஹீலர் ஆனேன். டாரன் இனத்தில் பூசாரி. பேத்தியும் தாத்தாவும் ஒரே வம்சமாக இருக்கட்டும் என்று கொம்பு வைத்துக்கொண்டேன். கொம்பின் வளைவு, ரோமத்தின் நிறம் எல்லாம் தேர்ந்தெடுக்கலாம். அதிலேயே அரைமணி நேரம் போயிற்று. புடவைக் கடையில் என் மனைவியைக் கேலி செய்ததற்கெல்லாம் அன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவளோ, ‘புதுப் பாத்திரம் உருவாக்குகிறோம்’ என்று நான் சொன்னதற்கு, ‘இருக்கிற பாத்திரத்தைத் தேய்க்கவே ஆள் வரக் காணோம்’ என்று சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

கடைசியில் பெயர். ஒரே சொல், ஆங்கில எழுத்தில் 12-க்கு மேல் கூடாது, இனிஷியலுக்கு இடமில்லை. என் பெயரில் 14 எழுத்து. பிறந்ததிலிருந்து கூட வந்த பெயர் அந்தக் கட்டத்துக்குள் நுழையவில்லை. நான் அம்பாசமுத்திரத்துக்காரன். தாமிரபரணி என்று போடலாமா என்றேன். விரல் விட்டு எண்ணினாள், 13 வந்தது. தொடக்கத்தில் வரும் ‘டி’க்குப் பின்னால் இருந்த ‘எச்’சை எடுத்துவிட்டாள். சரியாக 12. வேறு யாரும் அந்தப் பெயரை எடுத்திருக்கவில்லை.

உருவம் மாறினால் ஆளும் கொஞ்சம் மாறுகிறார் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்ற ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. கம்ப்யூட்டர் உலகத்துக்குள் சிலருக்கு உயரமான உருவம், சிலருக்குக் குட்டையான உருவம் கொடுத்து, பணத்தைப் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். உயரமான உருவம் கிடைத்தவர்கள் விடாப்பிடியாகப் பேரம் பேசினார்கள். குட்டை உருவம் கிடைத்தவர்கள் நியாயமில்லாத பங்கையும் ஒப்புக்கொண்டார்கள். உருவத்தைக் கொடுத்தவர்கள் ஆய்வாளர்கள்தான், அவர்களாகத் தேர்ந்தெடுத்ததுகூட இல்லை.

‘சார், பிள்ளைகளைக் கெடுக்கிறீர்களே’ என்று பி பிளாக்கிலிருந்து ஒருவர் முறைப்பது தெரிகிறது. இந்த கேமுக்கு மாதச் சந்தா உண்டு, நேரத்தை விழுங்கும், முன்பின் தெரியாதவர்கள் வருவார்கள். எங்கள் வீட்டில் பள்ளி நாட்களில் கிடையாது, கார்டு நம்பர் என்னிடம், யாரோடு ஆடுகிறாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும். இப்போது நானே உள்ளே இருப்பதால் தெரிகிறது.

நார்வேயில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு பையன், 1989-ல் பிறந்தவன். டுஷென் என்ற தசைச் சிதைவு நோய். சிறு வயதிலேயே சக்கர நாற்காலி. இதே கேமை வருடக்கணக்காக, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடினான். மகன் உலகம் தெரியாமல், நண்பர்கள் இல்லாமல் வாழ்கிறானே என்று பெற்றோர் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்தார்கள். 2014 நவம்பரில், 25 வயதில், இறந்துபோனான். அவன் ஒரு வலைப்பூ எழுதிவந்தான். அதில் அப்பா மரணச் செய்தியைப் போட்டார். பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வர ஆரம்பித்தன. உங்கள் மகன் என் நெருங்கிய நண்பன், என் கஷ்ட காலத்தில் கூட இருந்தவன் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதினார்கள். சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச் சடங்குக்கே வந்துவிட்டார்கள்.

கேமுக்குள் அவன் பெயர் இபெலின். வாட்டசாட்டமான துப்பறிவாளன். சேர்ந்திருந்த குழுவின் பெயர் ஸ்டார்லைட். தன் நோயை அந்த நண்பர்களிடம் வெகுகாலம் அவன் சொல்லவே இல்லை. குழுவினர் சேமித்து வைத்திருந்த உரையாடல்களைக் கொண்டு பெஞ்சமின் ரீ என்ற இயக்குநர் 2024-ல் அவனைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். அதில் ஒரு தாய் வருகிறார். ஆட்டிசம் உள்ள மகனோடு நெருங்க முடியாமல் தவித்தவர். மகனோடு சேர்ந்து கேமுக்குள் ஆடச் சொல்லி அவருக்கு யோசனை கொடுத்தவன் இபெலின்தான். அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

மாட்ஸின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது மகன் போன பிறகு. எனக்கு ஒரு சீட்டு முன்கூட்டியே வந்தது.

எனக்காக அவளும் முதல் நிலையிலிருந்து வேறொரு கேரக்டரை உருவாக்கினாள், அதுவும் டேங்க். மூன்று வாரம் கழித்து ஐந்து பேராக ஒரு குகைக்குள் போனோம். நாங்கள் இருவர், அவள் வகுப்புத் தோழிகள் இருவர், அதில் ஒருத்தியின் அண்ணன். எல்லாரும் ஹெட்போனில் பேசிக்கொள்வோம். ஒரு கதவுக்கு முன்னால் நிறுத்தினாள். உள்ளே இருப்பவனை எப்படி அடிப்பது என்று சொல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது வார்த்தையில் திக்கியது.

அவளுக்குத் திக்கினால் நான் என்ன செய்வேன் தெரியுமா? அந்த வாக்கியத்தை நான் முடித்துக் கொடுப்பேன். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முடித்துக் கொடுக்க எனக்கு வழியில்லை, ஏனென்றால் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. தோழிகள் அவசரப்படுத்தவில்லை. நாலு பேரும் நின்றோம். அவள் திக்கித் திக்கி முழுவதையும் சொல்லி முடித்தாள். ‘தாத்தா, நீங்க தூணுக்குப் பக்கத்துலயே நிக்கணும்’ என்பது கடைசி வரி.

திக்கல் போய்விட்டது என்று சொல்ல வரவில்லை. போகவில்லை, பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். நான் முடித்துக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன், சாப்பாட்டு மேஜையிலும். சில நாள் சாம்பார் ஆறிவிடுகிறது.

செயலாளருக்கு ஒரு விண்ணப்பத்தோடு உட்காருகிறேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் அந்தச் சில விநாடிகளில் சி பிளாக் முழுக்க ரௌட்டர்கள் அணைந்துவிடுகின்றன. போன வாரம் அதில் ஐந்து பேர் செத்தோம். பொதுச் செலவில் முடியாவிட்டால் என் பங்கைத் தருகிறேன். சுண்டலை டப்பாவில் போட்டுக் கொடுத்தால் நல்லது. ஏழு மணிக்கு எனக்கு வேலை இருக்கிறது, ஹீலர் இல்லாமல் அவர்கள் உள்ளே போக முடியாது.