அடுப்புக்கு மேலே ஹூட், அதற்கு முன்னே எர்த்

(தோட்ட மாதர் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் வீட்டுரிமையும் பேசும் இடத்தில் குசினிப் புகையைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டார்கள். பேசத்தான் வேண்டும். வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகத்தில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. மிலாறு எரித்தே வயதான நம் அம்மாமாரின் இருமல் எங்கிருந்து வருகிறதென்று டொக்டர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

இப்போது கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது குக்கர் ஹூட் வாங்கி வருகிறார்கள். அம்மா கண் எரியாமல் சமைக்கட்டும் என்ற பாசம். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை எங்கே மாட்டுகிறோம், எந்த வயரில் கொடுக்கிறோம் என்பது உயிர் விஷயம்.

முதலில் ஒன்று. ஹூட் என்பது கேஸ் அடுப்புக்கும் மின்சார அடுப்புக்கும் செய்த சாமான். விறகடுப்புக்கு மேலே மாட்டவே கூடாது. வடிகட்டியில் எண்ணெய்ப் பசை படிந்திருக்கும். தீப்பொறி போய் அதில் பற்றும். விறகடுப்புக்குப் புகைக்கூடுதான் சரி. இரண்டும் ஒரே குசினியில் இருந்தால், ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஹூட்டைப் போட வேண்டாம். புகைக்கூட்டில் ஏறுகிற புகையையும் அது வீட்டுக்குள்ளேயே இழுத்துவிடும்.

உயரம் அதனோடு வரும் புத்தகத்தில் இருக்கும். கேஸ் அடுப்பென்றால் பெரும்பாலும் இரண்டேகால் அடியிலிருந்து இரண்டரை அடி. குழாய் தகரத்தில் இருக்கட்டும், சுவர் வழியாக வெளியே போகட்டும். கூரைக்குள் விடாதீர்கள். லயத்துக்குக் கூரை ஒன்றுதான். பல இடங்களில் நடுச்சுவர் தகரம் வரை எழும்பவில்லை. ஒரு காம்பிராவின் மேலே படியும் எண்ணெயில் தீப்பிடித்தால் லயம் முழுக்கப் போகும். அடுத்த வீட்டு இஸ்தோப்பைப் பார்த்து விடுவதும் வேண்டாம், அந்தச் சண்டையைத் தீர்க்க நமக்கு நேரமில்லை.

இனி வயர். சாதாரண ஹூட் 100 முதல் 250 வாட்ஸ் வரைதான் இழுக்கும். ரைஸ் குக்கரே அதைவிட அதிகம். அதனால்தான் நம் தம்பிமார், “பல்ப் வயரிலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும் அக்கா” என்கிறார்கள். போதாது. ஆபத்து கரண்டின் அளவில் இல்லை. உடம்பு இரும்பு, கீழே ஆவி, மேலே பசை, தொடுகிறவர் கையில் ஈரம், நிற்பது சீமெந்துத் தரை. உள்ளே ஒரு வயர் தேய்ந்து இரும்பில் பட்டால், எர்த் இருந்தால் கரண்ட் அதில் ஓடி ட்ரிப் விழும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் அந்தத் தகட்டில் ஒருவர் தொடும்வரை காத்திருக்கும். பழைய பல்ப் வயரில் பெரும்பாலும் எர்த் கிடையாது.

ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமத்துங்கள், விழ வேண்டும். விழாவிட்டால் அது சும்மா தொங்குகிற பெட்டி. விழுந்தாலும் ட்ரிப் நன்றாயிருக்கிறது என்றுதான் அர்த்தம். எர்த் இருப்பதை அது காட்டாது. எர்த்தை மீற்றர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது தொழிற்றகைமைச் சான்றிதழ் உள்ள எலெக்ட்ரீசியனின் வேலை.

பிளக் விஷயம் நமக்கெல்லாம் தெரிந்ததே. மேல் ஓட்டையில் ஈர்க்குச்சியைக் குத்தி இரண்டு முள் பிளக்கை நுழைக்கிற வித்தை ஹூட்டுக்கு வேண்டாம். மூன்று முள் 13 அம்பியர் பிளக் போடுங்கள், உள்ளே 3 அம்பியர் பியூஸ் போதும். பிளக் பொயின்ட் அடுப்புக்கு மேலே வரக்கூடாது. தீப்பிடித்தால் கை எட்டுகிற பக்கத்துச் சுவரில் இருக்கட்டும். புதிய வயரில் மண்ணிறம் கரண்ட், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய லயங்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை. ஆனால் எத்தனை கை பட்ட வயரோ, நிறத்தை நம்ப வேண்டாம். வேலை செய்யும்போது மெயின் சுவிட்சை இறக்கி, பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இங்கே வைக்க வேண்டும்.

இவ்வளவும் வீட்டுக்காரர் செய்வது. லயத்துக்கு வரும் வயர் வீட்டுக்காரர் கையில் இல்லை. சுவரில் துளை போட, “லயன் தோட்டத்துச் சொத்து, அனுமதி கேள்” என்கிறது நிர்வாகம். வயரைப் பாருங்கள் என்றால், “அது உங்கள் பாடு” என்கிறது. சொத்து அவர்களுடையதென்றால் மின்னொழுக்கும் அவர்கள் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு லயத்துக்கும் எர்த், ட்ரிப், வயர் மூன்றையும் சோதித்து எழுத்தில் முடிவைத் தரும்படி கேட்கும் கடிதத்தைக் கமிட்டி தயாரித்திருக்கிறது. பல்ப் மங்கி மங்கி எரிகிற வீடு, தகரத்தைத் தொட்டால் சுள்ளென்கிற வீடு, பொத்தானுக்கு ட்ரிப் விழாத வீடு, இவற்றின் லய இலக்கத்தையும் காம்பிரா இலக்கத்தையும் மாதர் தலைவிமாரிடம் சொல்லுங்கள். சம்பள நாளுக்கு முன் கடிதத்தோடு சேர்த்து அனுப்புவோம். பெட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் அதுவரை பெட்டியைத் திறக்க வேண்டாம்.